மேலே போன உன் எழுத்து

ஏ மைனா, என் வாயாடி மைனாவே,

அம்மா எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை இது. மாவுப் பாக்கெட்டின் மேல் தேதி, ரேஷன் கடைக்கு ஒரு மனு, இவை தவிர இந்தக் கை வேறு என்ன எழுதியிருக்கிறது? எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. "அவகிட்டச் சொல்லணும்னு நெனைக்கிறதை எழுதிக் குடுங்கம்மா, எங்க காலேஜு மலர்ல போடுறோம்" என்று உன் சிநேகிதி அபிநயா கேட்டாள். மலரில் போட்டால் நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். நான் உன்னோடுதான் பேசுகிறேன்.

உன் ராக்கெட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதன் தலைக்குள் உட்கார்ந்து அதை நடத்துகிற சின்னப் பலகையைப் பற்றி. அந்தப் பலகைக்குள் நீ எழுதி வைத்ததைப் பற்றி. உன் எழுத்தோடு அது மேலே போகுமா, இல்லை உன் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடையில் வாங்கியதை மாட்டி அனுப்புவார்களா என்று ஒரு கட்டம் வந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ எப்போதும் போல முடிவை முதலில் கேட்காதே.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ அடுப்படித் திண்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பாய். நான் பக்கத்தில் மாவை அள்ளிக் கவரில் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

"என்னடி எழுதுற?"

"ராக்கெட்டுக்கு மூளை எழுதுறேம்மா."

"மூளையை எழுதுவாகளா?"

"பின்ன? கறிக்கடையில வாங்கிட்டா வருவாக?"

மூளை என்றால் எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை வறுவல்தான். நீ சிரித்த சிரிப்பில் உன் கம்ப்யூட்டர் மேலேயே எச்சில் தெறித்தது. அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். இதற்கு ஃபெர்ம்வேர் என்று பேராம். கம்ப்யூட்டரில் எழுதி, ஒரு ஒயரைச் சொருகி, அந்த நகக்கண் அளவு சில்லுக்குள் ஏற்றிவிடுவார்களாம். ஏற்றினால் அது அங்கேயே பதிந்து கிடக்குமாம்.

"கரண்டு போனா மறந்துராதா?"

"மறக்காது. உள்ள ஏத்திட்டா நானே பக்கத்துல இல்லைன்னாலும் அது பாட்டுக்கு வேலை பாக்கும்."

அதை நீ எம்புட்டுச் சாதாரணமாகச் சொன்னாய். நான் அன்றைக்கே வாயைப் பிளந்தேன். நான் எழுதினால் யாராவது எடுத்துப் படிக்க வேண்டும். படித்தவர்கள் மனசு வைத்தால்தான் நடக்கும். ரேஷன் கடைக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் நடக்கவில்லை. நீ எழுதினதைப் படிக்க ஆள் வேண்டாம், கெஞ்ச வேண்டாம். எழுதினபடிக்கு நடக்கும். இப்படி ஒரு எழுத்து உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்புறம் அந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். மிச்சம் இருந்த ஊறுகாயைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, கழுவிய பாட்டிலுக்குள் உன் பலகையை இறக்கினாய். மூடியில் ஓட்டை போட்டு, மருந்துக் கடையில் வாங்கிய பெரிய ஊசிக்குழாயைச் சொருகி, சுற்றிலும் மைதாவைப் பிசைந்து அடைத்தாய். "எம்மா, இதைப் பிடிச்சு மெதுவா இழு" என்றாய். இழுத்தேன். உள்ளே ஒரு பச்சைப் பொட்டு மினுங்கியது. "இப்ப அது மேல போயிட்டிருக்கோம்னு நெனைக்கிது" என்றாய்.

பாட்டில் திண்டிலேயேதான் இருந்தது. அசையவே இல்லை.

"மேல போகப் போகக் காத்து கொறையும்மா. காத்து கொறையக் கொறைய, நாம எம்புட்டு ஒசரத்துல இருக்கோம்னு அது கணக்குப் பண்ணிக்கிரும். நீ காத்தை இழுக்க இழுக்க அது ஏறுது. இப்ப விடு, மெதுவா."

விட்டேன். சிவப்பு பல்பு ஒன்று பளிச்சென்று எரிந்தது. நீ கையைத் தட்டிக் குதித்தாய். உச்சிக்குப் போய்விட்டுக் கீழே இறங்க ஆரம்பித்ததும் அந்த இடத்தில் பாராசூட் விரிய வேண்டுமாம். நிஜ ராக்கெட்டில் பல்புக்குப் பதிலாக ஒரு சிட்டிகை வெடிமருந்து வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளுமாம்.

"பாவம்டி. ஊறுகா பாட்டிலுக்குள்ள வச்சு ஏமாத்துற."

"இங்க ஏமாத்திப் பாத்தாத்தான் அங்க ஏமாறாது."

என் அடுப்படியில், உளுந்து ஊறிக்கொண்டிருக்கிற சட்டிக்குப் பக்கத்தில், ஒன்று வானத்துக்குப் போய்விட்டு வந்தது. நான்தான் அதை ஏற்றி இறக்கினேன். அன்று முழுக்க யார் மாவு வாங்க வந்தாலும் எனக்குச் சில்லறை சரியாகக் கொடுக்க வரவில்லை.

உன் கம்ப்யூட்டரில் அப்போது ஏதோ வார்த்தைகள் ஓடும். பலகை பேசுகிறது என்பாய். இங்கிலீஷ் எழுத்து. எனக்கு வாசிக்க வராது. என்ன பேசுகிறது என்று நானும் கேட்கவில்லை. இங்கிலீஷில் பேசுகிறதைக் கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம்ம ஆனையூரே வந்தது. உன் அப்பா லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே போய்விடுவார், வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பேச்சு இல்லை. துக்கம் விசாரிக்கத் துட்டிக்கு வருகிறவர்கள் நம்ம ஊர் வழக்கப்படி போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் ஆள் இருக்காது. வாசல் காலியாக இருக்கும். இத்தனை பேர் வந்து போன வீட்டில், போகும்போது ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை இல்லாமல் வாசல் ஊமையாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன் கூட்டாளிகள் வந்தார்கள். அபிநயா, ராக்கெட்டுக்கு உடம்பு செய்கிற ஒத்தக்கடைப் பாண்டி, அப்புறம் நான் பார்த்திராத ஒரு பையன். கோயம்புத்தூர்க்காரன், கௌதம் என்று பேர். உன் இடத்தில் சேர்ந்திருக்கிறானாம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ சொல்லு."

"நீதான சொல்லுறேன்னு வந்த?"

"மாப்ள, நீ சொல்லுடா."

கடைசியில் அபிநயாதான் சொன்னாள். நீ வைத்திருந்த பலகையில் காற்றை அளக்கிற சில்லு ஒன்று கெட்டுவிட்டதாம். அதே சில்லு இப்போது கிடைக்கவில்லையாம். வேறு சில்லு வைத்து, பாராசூட்டுக்குப் போகிற ஒயரையெல்லாம் மாற்றிப் புதுப் பலகை செய்தார்களாம். அதனால் உன் எழுத்தில் ஒரு பாதியைக் கௌதம் புதிதாக எழுதினானாம். இப்போது எங்கே இருக்கிறோம், ஏறுகிறோமா, இறங்குகிறோமா, தரையில் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்கிறது உன் பாதி. புதுச் சில்லிடம் அளவைக் கேட்டு வாங்குவதும், கண்டுபிடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவன் பாதி.

"நல்லாத்தான எழுதியிருக்கீக?" என்றேன்.

கௌதம் தலையைக் குனிந்துகொண்டான். "டெஸ்ட்ல தப்பா வருதுங்கம்மா. காத்தை உறிஞ்ச ஆரம்பிச்ச உடனே பாராசூட் பல்பு எரிஞ்சிருது. ஏறும்போதே எறங்கறதா நெனைச்சுக்குதுங்க. என்னோட பாதியை எத்தனையோ தடவை பாத்துட்டேனுங்க. அதுல தப்பு இல்லைங்க."

அவன் பாதியில் தப்பு இல்லை என்றால் யார் பாதியில்? அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

உங்கள் சார் சொல்லிவிட்டாராம். புறப்படும்போதே பாராசூட் விரிந்தால் அது எங்கே போய் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, ஆள் நிற்கிற இடம், கடையில் கிடைக்கிற பலகையை வாங்கி மாட்டுங்கள் என்று. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

"அவ பேரை ராக்கெட்டு மேல பெருசா எழுதுறோம்மா" என்றான் பாண்டி. "பெயிண்டுல. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியும்."

சரிப்பா என்றேன். காப்பி கலக்கிறேன் என்று அடுப்படிக்குப் போய், பால் பொங்கி வழிகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் பேர் வெளியே எழுதியிருக்கும், உள்ளே நீ இருக்க மாட்டாய். அதைவிட, என் பிள்ளை தப்பாக எழுதிவிட்டாளா? பாட்டிலில் சரியாகத்தானே எரிந்தது? நான்தானே இழுத்தேன்? எனக்கு என்ன தெரியும் என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

காப்பியைக் குடித்தார்கள். எழுந்தார்கள். அபிநயா என் கையைப் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். கௌதம் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினான். பாண்டி கடைசி ஆளாகப் படியில் கால் வைத்தவன், பழக்கத்தில் திரும்பி, "வாரேன்மா" என்றான்.

அபிநயா அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "அறிவிருக்காடா? துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டா போவாங்க?"

"ஐயையோ, தெரியாம வந்துருச்சு. மன்னிச்சிருங்கம்மா. வாய் பழகிப் போச்சு."

"ஒன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க."

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த வாசலில் அந்த வார்த்தை விழுந்திருக்கிறது. நீ தினமும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தோசையைச் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே சொல்கிற வார்த்தை. வாரேன்மா.

கௌதம் ஒரு காலில் செருப்போடு நின்றான். மற்ற செருப்பு கையில்.

"பாண்டி, இப்ப என்ன சொன்ன?"

"டேய், அதான் மன்னிப்புக் கேட்டுட்டேன்ல? நீ வேற."

"இல்லடா, அந்த வார்த்தை. நீ இப்ப போறதான? போகும்போதுதான சொன்ன, வாரேன்னு?"

"போறப்ப வாரேன்னுதான்டா சொல்லுவாக. போறேன்னு சொன்னா எங்கம்மா செருப்பால அடிக்கும். ஏன், ஒங்க கோயம்புத்தூர்ல என்ன சொல்லுவீக?"

"நாங்களும் 'வர்றேனுங்க'ன்னுதான் சொல்லுவோம்." அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "தெனம் சொல்றது. தெனமும் சொல்றதுதானுங்க. எழுத்துல பாத்தப்ப தோணவே இல்லைங்க."

மைனா, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ உன் ராக்கெட்டுக்கு எழுதி வைத்த வார்த்தைகள் இங்கிலீஷே இல்லையாம். எழுத்துதான் இங்கிலீஷ், பேச்சு தமிழாம். தரையில் நிற்கிற நேரத்துக்கு "இருக்கேன்" என்று பேர். கிளம்பி மேலே ஏறுகிற நேரத்துக்கு "வாரேன்". தரைக்குத் திரும்பிவிட்டால் "வந்துட்டேன்". உச்சியைத் தொட்டுவிட்டுப் பாராசூட்டோடு தொங்குகிற நேரத்துக்கு மட்டும் பேரே இல்லை. ரெண்டு எக்ஸ் எழுத்துப் போட்டு வைத்திருந்தாயாம்.

கௌதம் பேர்களை மட்டும் பார்த்திருக்கிறான். "வாரேன்" என்றால் திரும்பி வருகிறது, அதாவது இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்த எக்ஸ் எக்ஸ்தான் ஏறுகிறது என்று முடிவு செய்துவிட்டான். "வாரேன்" என்று உன் பாதி சொன்னதும் பாராசூட்டைத் தள்ளு என்று எழுதிவிட்டான். உன் பாதியைத் திறந்து இரண்டு வரி வாசித்திருந்தாலும் விளங்கியிருக்குமாம்.

"ஏன்டா வாசிக்கல?" என்று அபிநயா கேட்டாள்.

"அவங்க எழுதினதைத் தொடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றான். "தொறந்தா ஏதாச்சும் மாறிப் போயிருமோன்னு பயம். சாமி ரூம் மாதிரி வச்சிருந்தேன்."

பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "சாமி ரூமையும் கூட்டணும்ல மாப்ள!"

அபிநயா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது தெரியுமா? சிரித்துக்கொண்டே அழுதேன். அவர்கள் பயந்துவிட்டார்கள். "ஒன்னுமில்லப்பா, இனிமே இந்த வீட்டுல இருந்து போற எல்லாரும் சொல்லிக்கிட்டே போங்க" என்றேன்.

போகவா செய்தார்கள்? திரும்ப உள்ளே வந்தார்கள். கௌதம் பைக்குள்ளிருந்து கம்ப்யூட்டரை எடுத்தான். பலகையும் பையில்தான் இருந்தது. அவன் பாதியில் ஒரு வரியை மாற்றினான். ஒரே ஒரு வரி. நான் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மைதா பிசைந்தேன். ஊசிக்குழாயை அபிநயா என் கையில்தான் கொடுத்தாள்.

இழுத்தேன். பச்சைப் பொட்டு. கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தை வந்தது. "வாரேன்" என்று அபிநயா வாசித்தாள். நம்ம வீட்டு வாசல் பேச்சை இந்தச் சில்லு பேசுகிறது, மைனா. இத்தனை நாள் இங்கிலீஷ் என்று நினைத்து நான் காது கொடுக்காமல் விட்டது நம்ம பேச்சு. உளுந்தை அரைத்துக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, அம்மா தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாயா?

விட்டேன். சிவப்பு பல்பு எரிந்தது. எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது.

உங்கள் சார் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. காலேஜில் அவரே தன் கையால் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தாராம். வேகமாக இழுத்து, மெதுவாக இழுத்து, பாதியில் நிறுத்தி, பலகையைக் குலுக்கி. எப்படிச் செய்தாலும் உன் எழுத்து அசையவில்லையாம். "இதுவே போகட்டும்" என்று சொன்னாராம். அபிநயா போனில் அதைச் சொன்னபோது பின்னால் பாண்டி விசில் அடித்தது எனக்குக் கேட்டது.

விடுகிற இடம் கீழக்குயில்குடி தாண்டி மேற்கே ஒரு காய்ந்த கண்மாய். போலீஸ், ஊராட்சி என்று எல்லாரிடமும் அனுமதி வாங்கியிருந்தார்கள். உன் அப்பா வருவாரா என்று எனக்குத் தெரியாது. காலையில் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏறு" என்றார். அவ்வளவுதான்.

சமணர் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கண்மாய்க்குள் ஒரு நீளக் கம்பியை நட்டு அதில் ராக்கெட்டைச் சார்த்தியிருந்தார்கள். அபிநயாவின் தோள் உயரம் இருக்கும். நாங்களெல்லாம் வெகுதூரம் தள்ளிக் கரைமேல் நின்றோம். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி வந்து எங்களோடு நின்றுகொண்டாள்.

"என்னத்த விடப் போறீக?"

"ராக்கெட்டுக்கா" என்றான் பாண்டி.

"நெலாவுக்கா?"

"இல்லக்கா, சும்மா ஒரு கிலோமீட்டர் மேல போயிட்டு வந்துரும்."

"ஒரு கிலோமீட்டருக்கா இம்புட்டு ஆளு? மினி பஸ்ஸு போகுமேய்யா."

கௌதம் என்னைக் கரையில் உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரை என் மடியில் கொண்டுவந்து வைத்தான். "அம்மா, மேல இருந்து பலகை ரேடியோவுல பேசுறது இதுல வருமுங்க. நீங்க வாசிக்கணும்னு ஸ்கிரீன்ல மட்டும் தமிழ் எழுத்துல வர்ற மாதிரி பண்ணியிருக்கேனுங்க. பலகையில அவங்க எழுதினதைத் தொடலைங்க. தொறந்து வாசிச்சேன், தொடலை." அவன் "வாசிச்சேன்" என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

ஸ்கிரீனில் என் கண்ணுக்கு நேராக, கொட்டை எழுத்தில், இருக்கேன் என்று இருந்தது. அடுத்த நொடியும் இருக்கேன். அதற்கு அடுத்ததும் இருக்கேன். அது கம்பியில் சார்ந்து நின்றுகொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். உன் அப்பா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி முடித்தார்கள்.

நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ராக்கெட் இருந்த இடத்தில் புகை இருந்தது. சத்தம் அப்புறம்தான் வந்து நெஞ்சில் மோதியது. ஆடுகள் சிதறி ஓடின. வானத்தில் ஒரு வெள்ளைக்கோடு, யாரோ ஊசியில் நூலைக் கோத்து இழுத்த மாதிரி மேலே மேலே போனது. மடியைப் பார்த்தேன்.

வாரேன்.

"போயிட்டு வா தாயி" என்றார் உன் அப்பா.

அவர் குரல் அது. நீ போன நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவில்லை. வாரேன் என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டாமா? சொன்னார். எழுத்தைப் பார்த்து இல்லை, வானத்தைப் பார்த்துச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

கோடு நின்றது. நூல் அறுந்த மாதிரி நின்றது. சத்தம் இல்லை. ராக்கெட்டைக் கண்ணால் காணவில்லை. மேலே நெருப்பு அணைந்த பிறகும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய், வண்டியை நிறுத்தின பிறகும் கொஞ்ச தூரம் உருளுகிற மாதிரி. ஆனால் எப்போது ஏறி முடிக்கும்? யாருக்குத் தெரியும்? கீழே நிற்கிற எங்கள் யாருக்கும் தெரியாது. சாருக்கும் தெரியாது. பாராசூட் விரியவில்லை என்றால் அது ஈட்டி மாதிரி தலைகீழாக வரும். எல்லாரும் நெற்றியில் கையை வைத்து வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

அந்த உயரத்தில் உன்னை எழுப்பிக் கேட்க முடியாது. "மைனா, இப்போது விரிக்கட்டுமா?" என்று அது யாரிடம் கேட்கும்? கேட்க வேண்டியதே இல்லை. காற்று எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அது தானாகவே தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. நம்ம அடுப்படியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, தோசையைத் தின்றுகொண்டு, இப்படி ஒரு நொடி வரும், அப்போது இதைச் செய் என்று என்றைக்கோ நீ சொல்லி வைத்திருக்கிறாய். நீ இல்லாத ஒரு நாளைக்கு, நீ பார்க்காத ஒரு வானத்துக்கு. என் வயிற்றில் இருந்து வந்த பிள்ளை. இது எங்கிருந்து உனக்கு வந்தது? சாமி கும்பிடும்போதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்தது இல்லை.

"எக்ஸ் எக்ஸ்!" என்று அபிநயா கத்தினாள். மடியில் எழுத்து மாறியிருந்தது.

அதே நொடி பாண்டி கையை நீட்டினான். "அந்தா! அங்கிட்டு, மலைக்கு மேல பாருங்க! விரிஞ்சிருச்சு! விரிஞ்சிருச்சுடா!"

செம்பருத்திப் பூ ஒன்று காம்போடு உதிர்ந்து வருகிற மாதிரி பாராசூட் வந்தது. அவசரம் இல்லாமல் வந்தது. கௌதம் குப்புறப் படுத்துக்கொண்டான், மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். ஆடு மேய்க்கிற அக்கா மட்டும் நிதானமாக, "இது மினி பஸ்ஸு இல்லத்தான்" என்றாள்.

காற்று தள்ளிக்கொண்டு போய்க் கருவேலங்காட்டில் போட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். என் மடியில் வந்துட்டேன் என்று வந்தது. அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் கிழித்த கையோடு பாண்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே உன் பலகையில் பச்சைப் பொட்டு மினுங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் எல்லாரும் லோடு ஆட்டோவில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடும்போது அபிநயா சொன்னாள். "அம்மா, அந்த எக்ஸ் எக்ஸ்க்கு அவ பேரு வைக்காமலே விட்டுட்டா. பக்கத்துல 'பேரு அப்புறம்'னு மட்டும் எழுதியிருக்கா. நீங்களே ஒரு பேரு வைங்க. அதைத்தான் இனிமே வைப்போம்."

"பறக்குறேன்னு வைங்கம்மா" என்றான் பாண்டி.

"அது ஏறும்போது. இது எறங்கும்போதுடா" என்றான் கௌதம். "பாத்துட்டேன்னு வைக்கலாமுங்க. எல்லாத்தையும் மேல இருந்து பாத்தாச்சுல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பாவும் கையில் உருண்டையோடு பார்த்தார். நான் யோசித்தேன், மைனா. நிஜமாகவே யோசித்தேன். எதுவும் வரவில்லை. அப்புறம்தான் ஏன் என்று விளங்கியது. வீட்டில் இருக்கும்போது நீ சொல்வது எனக்குத் தெரியும். படி இறங்கும்போது சொல்வது தெரியும். திரும்பி வந்து பையை வீசிவிட்டுச் சொல்வது தெரியும். நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றவள். படி இறங்கினதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவில் இருந்த மைனாவை எனக்குத் தெரியாது. ஆனையூரில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மாறி, காலேஜில் இந்தப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, இப்படி ஒன்றை எழுதினாளே, அவள் என்ன பேசுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"வேணாம்பா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ரெண்டு எழுத்தையும் யாரும் மாற்ற மாட்டார்கள். நானும் மாற்ற மாட்டேன். அவர்கள் எத்தனை ராக்கெட் விட்டாலும், என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், அந்தக் கண்மாய்க் கரையில் உன் அப்பாவும் நானும் நிற்போம். மற்ற மூன்றையும் உன் வாயால் கேட்டாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சத்தமெல்லாம் ஓய்ந்து, ஏற வேண்டியது ஏறி முடிந்து, நாங்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிப் போன அந்த உச்சியில், நீ என்னடி சொல்ல நினைத்திருந்தாய்?

வாசலில் இருக்கிற,
உன் அம்மா